அழுங்கு, அழுங்காமை, பால்சுறா: சைட்டிஸ் உடன்படிக்கையை நம் ஊரிலிருந்து புரிந்துகொள்வோம்

கன்னியாகுமரி மாவட்டத்து மலையடிவார ரப்பர் தோட்டங்களில் விடியலுக்கு முன்பே பால்வெட்டப் போகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தலைவிளக்கின் வெளிச்சத்தில் எப்போதாவது எதிர்ப்படும் ஒரு விலங்கைப் பற்றிச் சொல்வார்கள். உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில். ஆளைக் கண்டால் ஓடாது. தலையை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். பாடப்புத்தகத்தில் அதற்கு எறும்புத்தின்னி என்று பெயர். பழைய தமிழ்ப் பெயர் அழுங்கு. மலையாளத்தில் ஈனாம்பேச்சி.

அதே மாவட்டத்தின் மறுபுறம் கடல். அங்கே அழுங்காமை என்றொரு ஆமை உண்டு. மற்றக் கடலாமைகளில் பெரும்பாலானவற்றின் முதுகில் தகடுகள் தரையோடு பதித்ததுபோல் பக்கம் பக்கமாக இருக்கும். அழுங்காமைக்கு அவை கூரை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அழுங்கின் செதில்களும் அப்படித்தான். இந்த ஒற்றுமையைப் பார்த்துத்தான் இரண்டுக்கும் ஒரே பெயரை நம்மவர்கள் வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பெயரோடு ஒற்றுமை முடிந்துவிடவில்லை. அழுங்கின் செதிலும் அழுங்காமையின் ஓட்டுத் தகடும் கெரட்டின் என்னும் பொருளால் ஆனவை. நம் நகமும் முடியும் அதே பொருள்தான். இந்தக் கெரட்டினுக்காகவே இரண்டும் கொல்லப்படுகின்றன. அழுங்கின் செதிலைப் பொடியாக்கிச் சீனா, வியட்நாம் போன்ற நாடுகளில் மரபு மருந்துகளில் சேர்க்கிறார்கள். அழுங்காமையின் தகட்டைச் சீவி, மெருகேற்றிச் சீப்பும் கண்ணாடிச் சட்டமும் கொண்டை ஊசியும் செய்கிறார்கள். ஜப்பானில் பெக்கோ என்ற பெயரில் அது நுட்பமான கைத்தொழிலாகவே வளர்ந்தது. கடற்பஞ்சுகளைத் தின்று வாழும் அழுங்காமையின் இறைச்சி சில சமயம் நஞ்சாகி, உண்டவர் உயிரையே பறித்துவிடும். அப்படியிருந்தும் ஓடு அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

கல்குளத்து மலையில் வாழும் ஒரு விலங்கின் செதிலை வாங்குகிறவர் ஹனோயில் இருக்கிறார் என்றால், நம் வனக்காவலர் அவரை என்ன செய்ய முடியும்? பன்னாட்டு ஏற்பாடு ஒன்று தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

ஒரு நாட்டின் சட்டம் எங்கே நின்றுவிடுகிறது

இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 இல் வந்தது. நம் எல்லைக்குள் அது வலுவான சட்டம். எல்லையைத் தாண்டியதும் அதன் கை நீளாது.

கடல் அட்டையை எடுத்துக்கொள்வோம். 2001 முதல் இந்தியாவில் எல்லா வகைக் கடல் அட்டைகளையும் பிடிப்பது குற்றம். மன்னார் வளைகுடாவின் அக்கரையில், இலங்கையில், உரிமம் பெற்றுப் பிடிக்கலாம், ஏற்றுமதியும் செய்யலாம். இடையில் இருப்பது ஒரு நீர்ப்பரப்பு மட்டுமே. இங்கே திருட்டுத்தனமாகப் பிடித்ததை இரவோடு இரவாக அக்கரை சேர்த்துவிட்டால், அங்கே சட்டப்படி பிடித்ததோடு அது கலந்துவிடும். பிறகு எது எந்தக் கரையில் பிடிபட்டது என்று யார் பிரித்துச் சொல்வது? கடல் அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் அடிக்கடி இவை மூட்டை மூட்டையாகப் பிடிபடுவதன் பின்னணி இதுதான்.

இத்தகைய வணிகம் எவ்வளவு பரந்தது என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன். போதைப்பொருள் மற்றும் குற்றத்தடுப்புக்கான ஐ.நா. அலுவலகம் 2024 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2015 முதல் 2021 வரையிலான பறிமுதல்களில் ஏறத்தாழ 4,000 இனங்கள் சிக்கியிருந்தன. 162 நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் அவை பிடிபட்டன. இவை பிடிபட்டவை மட்டும்.

சைட்டிஸ் என்றால் என்ன?

அழியும் நிலையிலுள்ள காட்டு விலங்குகள், தாவரங்கள் ஆகியவற்றின் பன்னாட்டு வணிகம் குறித்த உடன்படிக்கை என்பது இதன் நீண்ட பெயர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துச் சைட்டிஸ் என்கிறார்கள். 1963 இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் கூட்டமொன்றில் இதற்கான தீர்மானம் எழுந்தது. பத்தாண்டுப் பேச்சுக்குப் பிறகு 1973 மார்ச் 3 அன்று வாஷிங்டனில் 80 நாடுகளின் பிரதிநிதிகள் வாசகத்தை ஒப்புக்கொண்டார்கள். 1975 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1976 இல் சேர்ந்தது. இன்று 184 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் உறுப்பினர்கள். தலைமைச் செயலகம் ஜெனீவாவில் இருக்கிறது. மார்ச் 3 ஐ உலகக் காட்டுயிர் நாளாகக் கொண்டாடுவது இந்த உடன்படிக்கையின் நினைவாகத்தான்.

முதன்முதலாகப் படிப்பவர்கள் ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சைட்டிஸ் வேட்டையைத் தடுக்கும் சட்டம் அன்று. காட்டை அழிப்பதையும் அது தடுக்காது. ஓர் உயிரோ, அதன் உடற்பகுதியோ, அதிலிருந்து செய்த பொருளோ ஒரு நாட்டின் எல்லையைத் தாண்டும்போது மட்டுமே அது குறுக்கே வந்து நிற்கிறது. உள்ளூரில் நடப்பதை அந்தந்த நாட்டுச் சட்டம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த உடன்படிக்கையின் பலமும் பலவீனமும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகின்றன.

எல்லையில் எப்படி நிற்கிறது? மூன்று பட்டியல்களை வைத்துக்கொண்டு.

முதல் பட்டியலில் இருப்பவை அழிவின் விளிம்பில் நிற்பவை. புலி, கடலாமைகள், அழுங்கு, நட்சத்திர ஆமை இவற்றில் உண்டு. இவற்றை வணிகத்துக்காக எல்லை கடத்தக் கூடாது. ஆராய்ச்சிக்கோ விலங்குக் காட்சிச்சாலைக்கோ அனுப்ப வேண்டுமானால்கூட அனுப்பும் நாடு, வாங்கும் நாடு இரண்டும் தனித்தனியே அனுமதி தர வேண்டும்.

இரண்டாம் பட்டியல்தான் மிகப் பெரியது. இப்போதே அழிந்துவிடும் நிலையில் இல்லை. ஆனால் வணிகத்தை அதன் போக்கில் விட்டால் அழிந்துவிடும் என்ற கவலைக்குரியவை. நாமெல்லாம் அறிந்த செம்மரம் இதில் இருக்கிறது. கடல் குதிரை இருக்கிறது. உயிருள்ள பவளப் பூச்சிகள் கட்டும் கல் பவளங்கள் இருக்கின்றன. இவற்றை விற்கலாம், அனுமதிச் சீட்டு இருந்தால். சீட்டுத் தருவதற்கு முன் அனுப்பும் நாட்டு அதிகாரிகள் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். இது சட்டப்படி பிடிக்கப்பட்டதா? இவ்வளவு வெளியே போவதால் அந்த இனத்துக்குக் கேடு வருமா? இரண்டாவது கேள்விக்கு விடை சொல்வது அறிவியலாளர்களின் வேலை. அதனால் ஒவ்வொரு நாட்டிலும் சீட்டுத் தரும் நிர்வாக அமைப்பு ஒன்றும், ஆலோசனை சொல்லும் அறிவியல் அமைப்பு ஒன்றும் கட்டாயம்.

மூன்றாம் பட்டியல் சிறியது. ஒரு நாடு தன் இனம் ஒன்றைக் காக்க மற்ற நாடுகளின் ஒத்துழைப்பைக் கேட்டால் அதில் சேரும்.

மூன்றிலும் சேர்த்து 40,000 இனங்களுக்கு மேல் உண்டு. அவற்றில் பெரும்பான்மை தாவரங்கள், அதிலும் ஆர்க்கிட் செடிகள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

முதல் இரண்டு பட்டியல்களில் எந்த உயிர் எதில் என்பதை உறுப்பு நாடுகள் மாநாட்டில் கூடி வாக்களித்து முடிவு செய்கின்றன. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். மாநாடு ஏறத்தாழ மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும். மூன்றாவது மாநாடு 1981 இல் புது தில்லியில் நடந்தது. இருபதாவது, 2025 இறுதியில் உஸ்பெகிஸ்தானின் சமர்கண்ட் நகரில். முடிவு பிடிக்காத நாடு, அந்த இனத்தைப் பொறுத்தவரை தான் கட்டுப்படவில்லை என்று அறிவிக்கவும் வழியுண்டு. அழுங்காமை ஓட்டுக்கு ஜப்பான் அப்படித்தான் விலக்கு வைத்துக்கொண்டு 1992 இறுதிவரை இறக்குமதி செய்தது. உலகமே தடை செய்த பிறகும் ஒரு நாட்டுச் சந்தை பல ஆண்டுகள் திறந்து கிடந்தது. அதற்குள் எத்தனை ஆமைகள் போயின என்று எண்ணும்போது மனம் ஆறவில்லை.

மூன்று பட்டியல்கள், மூன்று வேலைகள்

செய்தித்தாளில் ஒரு நாள் "சிவப்புப் பட்டியலில் உள்ள ஆமை" என்று வரும். மறுநாள் "முதல் அட்டவணை விலங்கு" என்று வரும். வேறொரு நாள் "சைட்டிஸ் இணைப்பு" என்று வரும். மூன்றும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது.

சிவப்புப் பட்டியல் என்பது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தயாரிப்பது. மருத்துவர் நோயாளியைப் பார்த்து நிலைமை சொல்வதைப்போல, ஓர் இனம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று அது சொல்லும். யாரையும் அது தண்டிக்காது. சைட்டிஸ் இணைப்பு என்பது மேலே பார்த்த மூன்று பட்டியல்களில் ஒன்று. அது எல்லை தாண்டும் வணிகத்துக்கு. இந்தியச் சட்டத்தின் அட்டவணைகள், நாட்டுக்குள் வேட்டை, விற்பனை, கைவசம் வைத்திருத்தல் ஆகியவற்றுக்கு.

நட்சத்திர ஆமையின் கதை இதை விளக்கும். மஞ்சள் கோடுகள் நட்சத்திரமாக விரியும் முதுகோடு வறண்ட முள்காடுகளில் திரியும் சிறு ஆமை. வீட்டில் வளர்த்தால் செல்வம் சேரும் என்ற நம்பிக்கையும், வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தையின் ஆசையும் சேர்ந்து அதைப் பெட்டிக்குள் அடைத்து விமானம் ஏற்றுகின்றன. சிவப்புப் பட்டியலில் அது பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய இனம். 2019 ஜெனீவா மாநாட்டில் இந்தியா உள்ளிட்ட நாடுகளின் முன்மொழிவால் சைட்டிஸின் முதல் பட்டியலுக்கு உயர்ந்தது. ஆனால் அப்போது நம் உள்நாட்டுச் சட்டத்தில் அது நான்காம் அட்டவணையில்தான் கிடந்தது. 2022 திருத்தத்தில்தான் முதல் அட்டவணைக்கு வந்தது. உலகிடம் நாம் கேட்டுப் பெற்ற பாதுகாப்பை நம் சட்டப் புத்தகத்தில் எழுத மூன்று ஆண்டு பிடித்திருக்கிறது.

அதே திருத்தம் செய்த இன்னொரு வேலையும் முக்கியமானது. 1976 இலேயே சைட்டிஸில் சேர்ந்திருந்தும், அதற்கான தனிப் பிரிவு நம் வனவிலங்குச் சட்டத்தில் இல்லாமலே இருந்தது. சுங்கச் சட்டத்தையும் ஏற்றுமதி விதிகளையும் கொண்டு சமாளித்துவந்தோம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய அமைப்பில் நான்காம் அட்டவணை முழுவதும் சைட்டிஸ் இனங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. வெளிநாட்டுக் கிளியோ உடும்போ பாம்போ உயிரோடு வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்ற கடமையும் இதோடு வந்தது. பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவரப்படும் அயல்நாட்டுக் குட்டிகள் விமான நிலையங்களில் அடிக்கடி பிடிபடுவதைப் படித்திருப்பீர்கள். பதிவு விதி ஏன் வந்தது என்று அப்போது புரியும்.

நம் மாவட்டத்துக் குளங்களுக்கு வலசை வரும் பறவைகளுக்கு இந்த ஏற்பாடு போதாது. அவற்றுக்கு 1979 இல் பான் நகரில் உருவான வலசை உயிரினங்கள் உடன்படிக்கையும், நீர்நிலைகளுக்கான ராம்சார் உடன்படிக்கையும் உண்டு. சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகள் 2022 இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அது தனியே எழுத வேண்டிய கதை.

சங்குக் கடையில்

கன்னியாகுமரிக்கு வரும் யாரும் சங்குக் கடைகளைத் தாண்டாமல் கடலுக்குப் போக முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் வெளியூரிலிருந்து வந்த உறவுக்காரப் பையனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பள்ளிப் பாடத்தில் நாட்டிலஸ் சிப்பியின் படத்தைப் பார்த்திருக்கிறான். குறுக்கே அறுத்தால் உள்ளே அறை அறையாக, ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்றுப் பெரிதாக, சுருள் படிக்கட்டைப்போல் தெரியும். அதுதான் வேண்டும் என்று அடம் பிடித்தான்.

கடைக்கார அண்ணாச்சி தலையை ஆட்டினார். "அது இப்போது வைப்பதில்லை மக்களே. பிடித்தால் பெரிய கேஸ். பால் சங்கு பார், ஊதிப் பார்த்து எடுத்துக்கொள்" என்று ஒன்றை எடுத்துத் துணியால் துடைத்துக் கொடுத்தார்.

அவர் சொன்னது சரி. நாட்டிலஸ் இந்தியாவில் 2001 முதல் முதல் அட்டவணையில் இருக்கிறது. 2016 இல் சைட்டிஸின் இரண்டாம் பட்டியலிலும் சேர்ந்தது. அந்த உயிர் இனப்பெருக்க வயதை எட்டவே பத்தாண்டுக்கு மேல் ஆகும். மாலையில் விளக்கின் கீழ் பளபளக்கும் ஓர் அலங்காரப் பொருளுக்குப் பின்னால் அத்தனை ஆண்டுக் காத்திருப்பு இருக்கிறது.

நாம் ஊதும் சங்குக்கும் சாதாரணச் சோழிகளுக்கும் இந்தத் தடை இல்லை. பவளக் கல், கடல் விசிறி, உலர்ந்த கடல் குதிரை ஆகியவை தடைக்குட்பட்டவை. செத்துக் கரையில் ஒதுங்கியதுதானே என்று சொல்லிப் பயனில்லை. சட்டம் உயிருள்ளதையும் அதன் உடற்பகுதியையும் ஒன்றாகவே பார்க்கிறது. முதல் அட்டவணை உயிர்கள் தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டுச் சிறை. 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். கொண்டுபோகிற பயணியும் இதற்குத் தப்ப முடியாது. வெளிநாட்டுப் பயணியானால் இங்கே ஒருமுறையும், அவர் நாட்டுச் சுங்கத்தில் சைட்டிஸ் சீட்டு இல்லாததற்காக இன்னொரு முறையும் மாட்டிக்கொள்வார்.

யார் பிடிப்பது?

சைட்டிஸுக்கென்று போலீஸ் கிடையாது. ஜெனீவாவில் இருப்பது சிறிய அலுவலகம். விதியை மதிக்காத நாட்டோடு பட்டியல் இனங்களில் வணிகம் செய்ய வேண்டாம் என்று மற்ற உறுப்பினர்களுக்குப் பரிந்துரைக்கும் அதிகாரம் உடன்படிக்கையின் நிலைக்குழுவுக்கு உண்டு. அதுதான் அவர்கள் கையிலுள்ள பெரிய ஆயுதம்.

குற்றவாளியைத் துரத்துவதற்காக 2010 இல் ஐந்து அமைப்புகள் கைகோத்தன: சைட்டிஸ் செயலகம், இன்டர்போல், ஐ.நா. குற்றத்தடுப்பு அலுவலகம், உலக வங்கி, உலகச் சுங்க அமைப்பு. உலக வங்கிக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். கடத்தலில் புழங்கும் பணம் வங்கிகள் வழியாகத்தான் ஓடுகிறது. அதைத் தொடர்ந்து போனால் ஏவிவிட்டவரை அடையலாம். காட்டில் கண்ணி வைத்தவரையே பிடித்துக்கொண்டிருந்தால் ஏழை ஒருவர் சிறைக்குப் போவார், வாங்குகிறவர் அடுத்த ஏழையைத் தேடுவார்.

இந்தியாவில் இந்தப் பொறுப்பு 2007 இல் அமைந்த வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகத்திடம் இருக்கிறது. தெற்குக்கான மண்டல அலுவலகம் சென்னையில். வனத்துறை, சுங்கத்துறை, கடலோரக் காவல் எல்லாவற்றுக்கும் இடையே தகவல் கொண்டுசெல்வது இதன் முதன்மையான வேலை.

பலன் உண்டா?

உண்டு, எல்லா உயிருக்கும் ஒன்றுபோல் இல்லை.

தென் அமெரிக்க மலைகளில் விக்குனா என்றொரு ஒட்டக இனத்து விலங்கு வாழ்கிறது. அதன் மென்மயிருக்காகக் கொன்று குவித்து, 1960களில் சில ஆயிரங்கள் என்ற அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். சைட்டிஸின் முதல் பட்டியலில் வைத்துக் காத்தார்கள். எண்ணிக்கை ஏறியதும் சில கூட்டங்களை இரண்டாம் பட்டியலுக்கு இறக்கி, உயிரோடு பிடித்து மயிரைக் கத்தரித்துவிட்டுத் திரும்ப விடலாம் என்றார்கள். வருமானம் மலைக் கிராம மக்களுக்குப் போனது. இன்று அவை லட்சக்கணக்கில் இருக்கின்றன. காப்பவருக்கு அதனால் சோறு கிடைத்தது என்பதே இந்த வெற்றியின் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தந்தத்தின் கதை அவ்வளவு நேரானதன்று. ஆப்பிரிக்க யானைகள் 1979 இல் சுமார் 13 லட்சம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். பத்தே ஆண்டில் ஏறத்தாழ 6 லட்சமாயின. 1989 இல் தந்த வணிகத்துக்குத் தடை வந்தது. பிறகு சில நாடுகளின் கிடங்கிலிருந்த தந்தத்தை விற்க இரண்டு முறை, 1999 இலும் 2008 இலும் விலக்குக் கொடுத்தார்கள். சட்டப்படியான தந்தம் சந்தையில் இருந்தால் அதன் மறைவில் திருட்டுத் தந்தமும் விற்கலாம் என்ற எச்சரிக்கை அப்போதே எழுந்தது. சீனா தன் உள்நாட்டுத் தந்தச் சந்தையை மூடியது 2017 இறுதியில். நாமும் இதில் அந்நியர் அல்லர். நம் மாவட்டம் அடங்கியிருந்த பழைய திருவிதாங்கூர், விக்டோரியா அரசிக்கு யானைத் தந்தத்தால் சிம்மாசனம் செய்து அனுப்பிய நாடு. 1851 லண்டன் கண்காட்சியில் அதை வைத்திருந்தார்கள். அந்தச் செதுக்கு வேலையின் அழகை வியக்கலாம். இந்தியா யானைத் தந்த வணிகத்தைத் தடுத்தது 1986 இலும், ஆப்பிரிக்கத் தந்தத்தையும் சேர்த்து 1991 இலும்தான்.

அழுங்கு? உலகில் எட்டு வகை அழுங்குகள் உண்டு. ஆசிய வகைகளைக் காட்டிலிருந்து பிடித்து விற்க 2000 இலேயே சைட்டிஸ் வாசலை மூடிவிட்டது. ஆசியாவில் அவை அரிதானதும் கடத்தல்காரர்கள் ஆப்பிரிக்க வகைகள் பக்கம் திரும்பினார்கள். 2016 இல் எட்டையும் முதல் பட்டியலில் சேர்த்தார்கள். 2020 இல் சீனா தன் அதிகாரபூர்வ மருந்துப் பொருள் பட்டியலிலிருந்து செதிலை நீக்கியது. நம் ரப்பர் தோட்டத்தில் சுருண்டு கிடக்கும் அழுங்கு பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். புலிக்கு எதிராக அதைக் காப்பாற்றும் அந்தப் பந்து, மனிதனுக்கு எதிரில் பயன்படாது. குனிந்து எடுத்துச் சாக்கில் போட்டுவிடலாம்.

பால்சுறாவும் தேங்காய்ப்பட்டணமும்

பிள்ளை பெற்ற வீட்டில் சுறாப்புட்டு மணக்காத கடற்கரை ஊர் நம் மாவட்டத்தில் இல்லை. அதற்குப் பால்சுறாதான் உகந்தது என்பார்கள். 2022 இல் பனாமா மாநாடு, அந்தச் சுறா சேர்ந்த குடும்பம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. 2023 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. இந்தச் செய்தியைக் கேட்டுப் பதறியவர்கள் உண்டு. பதற வேண்டாம். பால்சுறாவைப் பிடிப்பதும் விற்பதும் சமைப்பதும் இந்தியச் சட்டத்தில் குற்றமில்லை. எல்லை தாண்டி ஏற்றுமதியாகும்போதுதான் சீட்டு வேண்டும். அம்மணி உழுவை என்று நம் மீனவர் சொல்லும் திமிங்கிலச் சுறாவும், வாள்போல் மூக்கு நீண்ட வேளாவும் வேறு கணக்கு. அவற்றைத் தொடவே கூடாது.

ஆனால் இந்த மாவட்டத்தில் ஓர் இடத்துக்கு மட்டும் எல்லை என்பது கரையிலேயே வந்துவிடுகிறது. இரையுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி ஆகிய எட்டு ஊர்க்காரர்கள் ஆழ்கடல் சுறாத் தூண்டிலுக்குப் பேர்போனவர்கள். 200 கடல் மைலுக்கு அப்பால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடல்வரை போகிறார்கள். அங்கே பிடித்த இரண்டாம் பட்டியல் மீனைச் சொந்த ஊர்த் துறைமுகத்தில் இறக்கினாலும், சைட்டிஸ் கணக்கில் அது பன்னாட்டு வணிகமே. கடலிலிருந்து கொண்டுவருதல் என்று அதற்குத் தனிப் பெயரும் தனிச் சான்றிதழும் உண்டு. பொதுக்கடல் எல்லோருக்கும் உரியது, அங்கிருந்து எடுத்ததற்கும் கணக்கு வேண்டும் என்பது அதன் நியாயம்.

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் ஒரு காலையில் நீள்வால் சுறா ஒன்றைப் பார்த்தேன். உடம்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம் வால், அரிவாளைப்போல் வளைந்து ஈரத் தரையில் கிடந்தது. அந்த வாலை வீசி மீன் கூட்டத்தை அடித்து மயக்கி அது இரை தேடும். சாளை ஒரு பருவத்தில் ஆயிரமாயிரமாய் முட்டையிடும். இந்தச் சுறா ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு குட்டிதான் போடும். ஒன்றைப் பிடித்தால் ஈடு செய்யக் கடலுக்குப் பல ஆண்டு வேண்டும். அதனால்தான் 2016 மாநாட்டில் நீள்வால் சுறாக்களும் சில்க்கி சுறாவும் இரண்டாம் பட்டியலுக்கு வந்தன. நடைமுறைக்கு வந்த நாள் 2017 அக்டோபர் 4. இரண்டு மாதம் கழியுமுன் ஒக்கிப் புயல் வந்து அதே எட்டு ஊர்களின் ஆண்களைக் கொண்டுபோனது. அந்த ஆண்டில் யார் யாரிடம் பட்டியலைப் பற்றிப் பேசியிருக்க முடியும்?

பக்கத்தில் நின்ற வயதான மீனவர் ஒருவரிடம் சான்றிதழைப் பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "தூண்டிலில் என்ன விழும் என்று யாருக்குத் தெரியும் சாரே? சூரைக்குப் போட்டால் சுறா விழுகிறது. அந்தச் சீட்டை நான் எங்கே போய் வாங்க வேண்டும்?" என்று கேட்டார். நிர்வாக அமைப்பு தில்லியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தில் இருக்கிறது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2001 ஜூலையில் எல்லாச் சுறா, திருக்கை வகைகளையும் ஒரே ஆணையில் தடை செய்தார்கள்; மீனவர் எதிர்ப்பு எழுந்ததும் டிசம்பரில் பத்து இனங்களுக்குள் சுருக்கினார்கள். 2013 இல் துடுப்பை உடம்போடு சேர்த்தே கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற விதி வந்தது. துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உயிருள்ள உடம்பைக் கடலில் தள்ளும் கொடுமையைத் தடுக்க வந்த நல்ல விதி அது. 2015 பிப்ரவரியில் எல்லாச் சுறாக்களின் துடுப்பு ஏற்றுமதியும் முழுவதும் தடையானது. ஒவ்வொரு முறையும் ஆணை வந்துசேர்ந்த பிறகே இந்த ஊர்கள் அதை அறிந்தன. சுறா குறைந்துவிட்டது என்று முதலில் அறிந்தவர்கள் அவர்கள்தாம். அவர்களைக் கடைசியில் உட்காரவைத்துப் பேசுவது தவறு என்று உறுதியாக எண்ணுகிறேன். எவ்வளவு பிடித்தால் இனத்துக்குக் கேடில்லை என்று கணக்கிடும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கு விழிஞ்ஞத்தில் மண்டல மையம் இருக்கிறது. நீரோடியிலிருந்து அது தொலைவில்லை. அந்தக் கணக்குக்கு வேண்டிய முதல் தகவலே எந்தச் சுறா, எந்த இடத்தில், எவ்வளவு என்பதுதான்.

சைட்டிஸ் வேலை முழுவதும் கடைசியில் வந்து நிற்பது இனங்காணலில். அறுத்துக் காயவைத்த துடுப்பைப் பார்த்து இது பட்டியலில் உள்ளதா இல்லையா என்று சுங்க அதிகாரி சொல்ல வேண்டும். அதற்குப் படக் கையேடுகள் உண்டு, மரபணுச் சோதனை உண்டு. அந்த மீனவரிடம், கிடந்த சுறாக்களில் சில்க்கி எது என்று கேட்டேன். அவர் ஆங்கிலப் பெயரை அறியவில்லை. பட்டுப்போல் தோல், முதுகுத் துடுப்பு சிறிது, பின்தள்ளி இருக்கும் என்று நான் சொன்னதும் நேராக ஒன்றின் அருகில் போய்க் குந்தினார். என் கையைப் பிடித்து அதன் முதுகில் வைத்தார்.

"வரப்பு தெரிகிறதா?"

இரண்டு முதுகுத் துடுப்புகளுக்கும் நடுவே, தோலுக்கடியில் நூல் ஓட்டியதுபோல் ஒரு மெல்லிய மேடு விரலில் தட்டுப்பட்டது. கையேடுகளும் அந்த அடையாளத்தைத்தான் குறித்திருக்கின்றன.